உள்பக்கம் படிந்த ஆவி

பூச்சிப் பெட்டியின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அவள் துணியால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது.

அவள் பல் வைத்தியரின் மனைவி. அந்த அறைக்கு என்றுமே வேண்டாதவள். வைத்தியர் வேலை முடிந்து வந்ததும் நேரே இங்கேதான் நுழைவார். மருந்துப் பஞ்சு போட்ட சீசாவுக்குள் துடித்து அடங்கிய வண்டின் முதுகில் ஊசி இறக்கித் தக்கையில் நிறுத்துவார், பட்டாம்பூச்சியின் இறகை மூச்சைப் பிடித்துக்கொண்டு விரித்துவைப்பார். அத்தனை பதமான விரல்கள்தாம் அவள் தோளிலும் முதுகிலும் தழும்புகளை வைத்தவை. இப்போது வாதத்தில் விழுந்து, பேச்சும் போய், அதே அறையில் கட்டிலோடு கிடக்கிறார்.

"பூச்சின்னா அண்ணனுக்கு உயிரு, அண்ணி. பெட்டியெல்லாம் அவர் கண்ணு முன்னாலயே இருக்கட்டும்" என்று நாத்தனார் போனில் சொல்லியிருந்தாள்.

"இருக்கட்டும். நான் இருக்கேனா செத்தேனான்னு கேக்கத்தான் ஆளில்ல" என்று போனை வைத்தபின் முணுமுணுத்திருந்தாள் அவள்.

மழை இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம். அந்துருண்டை நெடிக்கு நடுவே ஈரத்தழை வாடை வீசியது. கூடவே நகத்தால் காகிதத்தைக் கீறுவது போல ஒரு சத்தம். எலியோ என்று கட்டிலடியில் குனிந்தாள். இல்லை. சுவரில் காது வைத்தாள். இல்லை.

பெட்டிக்குள்.

திறந்தாள். ஊசியில் நின்றிருந்த கருவண்டு கால்களை அசைத்தது. நின்ற இடத்திலேயே நடந்தது. அதன் பக்கத்திலிருந்த தட்டானும். வெட்டுக்கிளியும். எல்லாமும்.

"இதுங்க சாகவே இல்லியா?"

வைத்தியரின் கண்கள் பெட்டியை விட்டு நகரவில்லை. அவற்றில் அவள் அதுவரை பார்த்தறியாத பயம்.

"வலிக்குதுன்னு உங்ககிட்ட எத்தன தடவ கெஞ்சியிருப்பேன்" என்றபடி ஊசியைப் பிடுங்கினாள். வண்டு நேரே கட்டில் காலில் ஏறியது. அவள் தடுக்கவில்லை. பெட்டி பெட்டியாகத் திறந்து, மிச்ச ஊசிகளையும் உருவினாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

வெகுநேரம் சலசலப்பு. பிறகு அடங்கியது.

மனசு கேட்காமல் மறுபடி திறந்தாள். பெட்டிகள் காலி. தரையில் ஒரு பூச்சிக் கால்கூட உதிர்ந்து கிடக்கவில்லை. போர்வை கலையவில்லை. வைத்தியரின் வாய் இறுக மூடியிருந்தது.

கண்கள் அவளையே பார்த்தன.

கன்னம் உள்ளிருந்து புடைத்தது. நகர்ந்தது. பேச்சற்ற அந்தத் தொண்டைக்குள் ஏதோ சிறகடித்தது.