விலகிட்டேன்

மூன்று மாசமாகப் பூட்டிக் கிடந்த டீக்கடையை அன்று மத்தியானம் தம்பிதான் திறந்தான். பின்னாலேயே அக்கா, கையில் விளக்குமாறு. உள்ளே காய்ந்த டீத்தூள் வாடை, ஈரத் துணியின் முடைநாற்றம்.

தாத்தா போட்ட கடை. பாய்லருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம், பாலடுப்பு அங்கேதான். ஆவிக் குழாயின் வாயும் அந்தப் பக்கமே பார்க்கும். அதனால் தாத்தா ஒரு வழக்கம் வைத்தார். குழாயைத் திருகுகிறவர் "திறக்கிறேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். பாலடுப்பில் நிற்பவர் வெளியே வந்து "விலகிட்டேன்!" என்ற பிறகுதான் திருகில் கை வைக்கலாம். இரண்டு தலைமுறையாக அங்கே ஒருத்தருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை.

அப்பா வெந்து செத்த நாள் வரைக்கும்.

"நான் கத்தினேன். 'விலகிட்டேன்'னு சொல்லிட்டு அப்பா அங்கேயே நின்னுட்டாரு" என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தான் தம்பி. செத்தவர் தலையில் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம்! அக்காவும் நம்பினாள். நம்பியதால்தான் அவனோடு சேர்ந்து மறுபடி கடை நடத்தச் சம்மதித்தாள்.

பாய்லர் சூடேறி உஸ்ஸென்றது. அக்கா வாசலில் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டேய், பால் பொங்குது பாரு!"

அவன் மூலைக்குள் புகுந்து பாலை இறக்கினான். முதுகுக்குப் பின்னால், பாய்லர் பக்கம், யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"திறக்கிறேன்!"

அப்பா குரல்.

திரும்பினான். யாருமில்லை. குழாயின் திருகு மட்டும் லேசாக அசைந்து நின்றது.

காத்திருந்தது.

அக்கா துணியோடு ஓடிவந்தாள். "யாருடா அது? அப்பா மாதிரியே..."

"அக்கா..." அவன் கண் திருகிலேயே இருந்தது. "அன்னைக்கு நான் குரல் குடுக்கலக்கா. கூட்டம்... அவசரம்... அப்படியே திறந்துட்டேன்."

அக்கா கையிலிருந்த துணி விழுந்தது. "'விலகிட்டேன்'னு அப்பா சொன்னதா சொன்னியேடா, பாவி!"

"திறக்கிறேன்!"

எப்படி வெளியே வந்து விழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. "விலகிட்டேன்பா... விலகிட்டேன்..."

அதன் பிறகுதான் திருகு முழுசாகச் சுற்றியது. அவன் நின்றிருந்த இடத்தில் ஆவி சீறிப் பாய்ந்தது. பிறகு தானாகவே அடங்கியது.

அக்கா வாய்விட்டு அழுதாள். "செத்த பிறகும் அந்த மனுஷன் உன் பதிலுக்குக் காத்திருந்தாருடா. உன்னால ஒரு நிமிஷம் காத்திருக்க முடியலையே!"

அடுப்பை அணைத்து, கடையைப் பூட்டி, சாவியை அவன் காலடியில் போட்டுவிட்டு அவள் நடந்தாள். கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம், பாலடுப்பு மூலையிலிருந்து, மெல்ல ஒரு குரல்.

"நான் இன்னும் விலகலடா."