நான்காவது வரி

பத்திரத்தின் நான்காவது வரி மேல் ஏதோ கறுப்பாக இருந்தது. ஜெயசுதா ஊதினாள், முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. நிமிர்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்தாள். தியாகதுருகம் கோட்டை மலையும் மேற்கே கல்வராயன் மலை மேல் இறங்கிக்கொண்டிருந்த மழையும் பளிச்சென்று தெரிந்தன. கண்ணைத் தாழ்த்தினாள். கறுப்பு அங்கேயே இருந்தது.

நாற்பத்தொன்பது வயதில் கள்ளக்குறிச்சிக்குப் போய் அடம்பிடித்து வாங்கிய கெட்டி லென்ஸ். கருவிழி மேல் உட்கார்ந்துகொள்ளும். நேராகப் பார்த்தால் தூரம், கண்ணைத் தாழ்த்தினால் கிட்டத்து எழுத்து. மூக்குக் கண்ணாடி போதுமே என்றார் டாக்டர். எங்கே போதும்? அவள் வாங்கிய மூன்று கண்ணாடிகளையும் ஒளித்துவைத்தவன் புருஷன் நாராயணசாமி. "உனுக்கு இன்னாத்துக்குடி? நான் படிச்சி சொல்றேன்" என்பான். தாளில் கட்டைவிரலை ஊன்றி, அதற்குக் கீழே கையெழுத்து வாங்குவான். விரலுக்கு அடியில் என்ன எழுதியிருந்ததென்று இருபது வருஷம் அவளுக்குத் தெரியாது. ஆள் செத்து நாலு மாதம் ஆகிறது. கண்ணுக்குள் இருப்பதை எவன் ஒளிப்பான்?

"சும்மா போடுங்க அண்ணி. அண்ணன் சொன்னபடிதான் எழுதிக்கிது." எதிரே உட்கார்ந்திருந்த கொழுந்தன் பகலவன் பேனாவை நீட்டினான்.

"படிச்சிட்டுத்தான் தம்பி. கெணத்து நெலம் போச்சின்னா எனுக்குச் சோறு ஏது?"

மீண்டும் குனிந்தாள். கறுப்புக்கு இப்போது விளிம்பு இருந்தது. நகம். மோட்டார் பெல்ட்டில் சிக்கி நடுவில் பிளந்த, புருஷனின் கட்டைவிரல் நகம். தாளை இடப்பக்கம் நகர்த்தினாள். விரலும் நகர்ந்தது. கிரீஸ் வாடை மூக்கில் ஏறியது. பகலவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

கோளாறு லென்ஸில்தான் என்று சொல்லிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கை கழுவி, இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டாள். உடனே சொந்த உள்ளங்கையே கலங்கிப்போனது. குழாய் கலங்கியது, கண்ணாடியில் அவள் முகமும் கலங்கியது.

விரல் கலங்கவில்லை.

ரேகை ரேகையாகத் தெரிந்தது. ஒரு சாண் தூரத்தில். அப்புறம் அரைச் சாண்.

பயந்தாள். பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக வந்தது. "இருந்தும் கெடுத்த, செத்தும் கெடுக்கறியா? தூ!"

வலது கண்ணில் லென்ஸை வைத்தாள். சரியாக உட்கார்ந்தது. இடது கண்ணின் மேல் இமையைத் தூக்கிப் பிடித்து அடுத்ததையும் வைத்தாள். கையை எடுத்தாள்.

இமை இறங்கவில்லை.

சிமிட்டிப் பார்த்தாள். முடியவில்லை. இமைக்கு அடியில் ஜில்லென்று எதுவோ. பிளந்த நகம். அது உள்ளே அழுத்தியது.

"புடிச்சிக்கோ" என்றாள். "நல்லாப் புடிச்சிக்கோ."

கூடத்துக்குத் திரும்பினாள். கன்னத்தில் நீர் வழிந்தது. பத்திரத்தை எடுத்தாள். நான்காவது வரி மேல் இப்போது ஒன்றுமில்லை. உரக்கப் படித்தாள்: "கிணறும் நிலமும் முழுவதுமாகப் பகலவனுக்கே பாத்தியம்."

பகலவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவன் பார்த்தது பத்திரத்தை அல்ல.

"அண்ணி... உங்க கண்ணுல... அது அண்ணன் வெரலு."

"தெரியும். உக்காரு."

நகம் இன்னும் ஆழமாக இறங்கியது. ஜெயசுதா ஐந்தாவது வரியைப் படித்தாள்.