இரண்டு பேர் சொன்ன நேரம்

பள்ளி வேன் சீக்கிரம் வந்துவிட்டது. முதலில் நடந்தது அவ்வளவுதான்.

அந்த வேன் தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும், டிரைவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிய நாளில் வேறு தெருவுக்குள்கூட நுழையும். சீக்கிரம் மட்டும் வந்ததே கிடையாது. இன்று தெருமுனையில் ஹாரன் கேட்டபோது மணிக்கூண்டின் வீட்டு ஹால் கடிகாரம் இன்னும் நேரமிருக்கிறது என்றது. சமையலறைக் கடிகாரமும் அதையே சொன்னது. கையிலிருந்த போனும்.

மணிக்கூண்டு என்பது தெரு வைத்த பெயர். அது அவருக்குத் தெரியாது என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. தெரியாததுபோல நடந்துகொள்ளும் பெருந்தன்மை அவருக்கு இருந்தது. அலுவலகம் அலுவலகமாகப் போய் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற மனிதர். பழசைக் குப்பையில் போட மனசு வராது. வீட்டில் யாருக்கும் வேண்டாமல் போன கம்ப்யூட்டர்களைப் பின்னறையில் மேஜைக்கடியில் வைத்து, வீட்டுக்கே நேரம் சொல்லும் வேலையைக் கொடுத்திருந்தார். கடிகாரங்கள், போன், தண்ணீர் மோட்டார், வாசல் விளக்கு, எல்லாம் அந்த அறையைக் கேட்டுத்தான் நடக்கும். மனிதர் தும்முவதற்கு முன்னால்கூடப் பின்னறையில் அனுமதி வாங்குவார் என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா சொல்வாள்.

அவள் மகனை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசலுக்கு வந்தார்.

"வேன் இன்னைக்கு சீக்கிரமாம்மா?"

"எங்கண்ணா சீக்கிரம்? வழக்கம்போல லேட்டுதான். உங்க வீட்டுக் கடிகாரமே தப்பாப் போனா, நாங்க யாரை வச்சு வேன்காரனைத் திட்டுறது?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா இன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போறாங்களாமே. போங்கண்ணா. இங்க தனியா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?"

உனக்கு யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. தெருவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா காலையிலேயே போன் செய்திருந்தாள். "அஞ்சு மணிக்கு வண்டியோட வர்றேன். அந்தப் பெட்டிங்களை நீயே அணைச்சு வைடா. நான் வந்து அணைச்சா நல்லா இருக்காது." சரி என்றிருந்தார். வாய்ப்பேச்சுக்குச் சொன்ன சரி இல்லை. அக்கா வீட்டில் பிள்ளைகள் கத்தும், டிவி கத்தும், யாராவது சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவருக்குப் பிழைத்துக்கொள்ள ஆசை வந்திருந்தது. சட்டைகளை மடித்துப் பையில் வைத்திருந்தார். இனி அணைக்க வேண்டியதுதான் பாக்கி.

பின்னறைக் கதவைத் திறந்ததும் எப்போதும் வருகிற வாசனை வந்தது, சூடேறிய தூசியும் பழைய பிளாஸ்டிக்குமாக, அதற்கும் அடியில் இன்று மெலிதாக வேறொன்று, நனைந்த மழைக்கோட்டை உலர்த்தாமல் சுருட்டி மூலையில் போட்டால் மறுநாள் வருமே அந்த வாடை. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மேஜைக்கடியில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. நடுவில் இருப்பது அவருடையது. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஆன்டெனா வழியாகச் செயற்கைக்கோள்களிடம் நேரம் வாங்கும். இடப்பக்கம் மனைவியுடையது. வலப்பக்கம் மகளுடையது. ஏன் மூன்று என்பதைக் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கியிருக்கிறார், கேட்காதவர்களுக்கும் விட்டுவைத்ததில்லை. ஒன்று மட்டும் இருந்தால் அது தப்பா என்றே தெரியாது. இரண்டு இருந்தால் எது தப்பு என்று தெரியாது. மூன்று இருந்தால், ஒத்துப்போகிற இரண்டு உண்மை. தனியாக நிற்பது பொய், அதை ஒதுக்கிவிடலாம். "நம்ம வீடு மாதிரியே," என்பாள் மகள். "நானும் அம்மாவும் சேந்துட்டா அப்பா பேச்சு செல்லாது."

போன மழைக்காலத்தில் ஸ்கூட்டரில் போன இருவரும் திரும்பி வரவில்லை. லாரிக்காரன் பார்க்கவில்லை என்றான். தெரு ஒரு வாரம் அழுதது. பிறகு அதற்குப் பேச வேறு விஷயம் கிடைத்தது. அவர் அந்த இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒரு நாள்கூட அணைக்கவில்லை.

திரையைப் பார்த்தார். மூன்று வரிகள். ஒன்றின் முன்னால் பொய்யன் என்கிற குறி விழுந்திருந்தது. நடுவில் இருந்ததற்கு. அவருடையதற்கு.

சிரிக்கப் பார்த்தார். செயற்கைக்கோளிடம் நேரம் வாங்குவது பொய், கிழட்டுப் பெட்டிகள் இரண்டும் உண்மையா? பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் தன் போக்குக்குப் பிந்தும், தன் போக்குக்கு முந்தும். ஆனால் இவை இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவு பிந்தியிருந்தன. பேசி வைத்துக்கொண்டால் ஒழிய அப்படி நடக்காது. வீட்டுக் கடிகாரங்களையும் அவை சட்டென்று பின்னால் இழுத்துவிடவில்லை. ஒவ்வொரு நொடியையும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டிருந்தன, வீட்டில் யாரும் திடுக்கிடாதபடி, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை உருவுவதுபோல.

குனிந்து, மகளுடையதன் பொத்தானில் விரலை வைத்தார். உள்ளே வட்டு சுழல்கிற சத்தம், படிக்காமல் மேஜையில் நகத்தால் தட்டிக்கொண்டிருப்பாளே, அதுபோலக் கேட்டது. இடப்பக்கத்து விசிறி அதற்குப் பதில் சொல்வதுபோல முனகியது. அடுத்த அறையில் இரண்டு பேர் அவரைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொள்வதுபோல இருந்தது. சொற்கள் புரியவில்லை. அந்தச் சிரிப்பு புரிந்தது.

விரலை எடுத்துக்கொண்டார்.

அக்கா வர இன்னும் நேரமிருக்கிறது. ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு அணைக்கலாம்.

உட்கார்ந்தார். மழைக்கோட்டு வாடை கூடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிப்பதற்குள் ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, சிவந்து, போயிருந்தது. திரையில் நிமிஷம் மாறவில்லை.

போன் அதிர்ந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்திகள். எல்லாம் அக்கா.

"கிளம்பிட்டேன்."

"வாசல்ல நிக்கிறேன், திற."

"ஜன்னல் வழியா உன்னைப் பாக்குறேன். இங்கதான உக்காந்திருக்க? ஏண்டா அசைய மாட்டேங்குற?"

அவர் திரும்பினார். ஜன்னல் கண்ணாடியில் யாரும் இல்லை. விடிந்துகொண்டிருந்தது.

"கதவை உடைச்சுட்டாங்க. உள்ள வந்து பாத்தா நாற்காலி காலியா இருக்கு. வெளிய போய் ஜன்னல்ல பாத்தா நீ இருக்க. தம்பி, எனக்குப் பயமா இருக்குடா."

அக்காவைக் கூப்பிட்டார். உடனே எடுத்தாள். காதில் கொசு பாடுவதுபோல மெல்லிய, மிக வேகமான ஒரு கீச்சொலி. இடையிடையே அது விம்மியது. அக்காவின் விம்மல். அவர் "அக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

ஜன்னல் வெளுத்தது. கறுத்தது. வெளுத்தது.

அறைக்குள் நிழல்கள் ஓடின. கதவு திறந்து மூடியது. சுவரிலிருந்த படங்கள் போயின. அலமாரி போயிற்று. அவருடைய பை போயிற்று. யாரோ துடைப்பத்தோடு அவருக்குள்ளேயே புகுந்து போனார்கள். மேஜையை யாரும் தொடவில்லை.

அணைத்துவிடு.

எழுந்து கையை நீட்டினார். கை போயிற்று. தேனுக்குள் போவதுபோலப் போயிற்று. பொத்தான் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

வெளுத்தது. கறுத்தது. மழை. வெயில். மழை.

திரையில் குறி மாறியது. நடுவில் இருந்தது இப்போது பொய்யன் இல்லை. மூன்றும் ஒரே நேரம்.

கடிகாரங்கள் நின்றதுபோல இருந்தன. நிற்கவில்லை. உற்றுக் கேட்டால் கேட்டது, ஒரு நொடி, வெகு நேரம் கழித்து இன்னொரு நொடி.

அக்கா கண்ணாடிக்கு வந்தாள். ஒரு கண்சிமிட்டல், போய்விட்டாள். மறுபடி வந்தபோது முன்தலை நரைத்திருந்தது. மறுபடி. கூன் விழுந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து, அவர் முகத்தையே பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் உதடு அதே ஒரு சொல்லைச் சொன்னது. அவர் விரல் பொத்தானை நோக்கிப் போய்க்கொண்டேயிருந்தது. இன்னும் ஒரு நெல்லளவு.

கையின் மேல் ஏதோ குளிர்ந்தது. ஈரமான ஒரு கை. அதன்மேல் இன்னொன்று, சிறியது.

அக்கா கடைசியாக வந்தபோது தலை முழுக்க வெளுத்துவிட்டிருந்தது. யாரோ அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கண்ணைச் சுருக்கினாள். அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு இடப்பக்கம் பார்த்தாள். பிறகு வலப்பக்கம். அவளுடைய வாய் மெல்லத் திறந்தது, மூடவில்லை.