வியாழக்கிழமைத் தண்ணீர்

வாய்க்காலின் கடைக்கோடியான கடைமடையில் குறுவை நெல் செத்துப் போயிருந்தது. நட்ட வரிசை குலையாமல், நின்ற நிலையிலேயே கருகியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வானதி குனிந்து ஒரு பயிரைப் பிடுங்கினாள். வேரோடு காய்ந்த மண்கட்டியும் வந்தது.

தஞ்சாவூர் சைபர் கிரைமில் இருப்பவளுக்கு வயலில் என்ன வேலை என்றால், வந்த புகார் அப்படி. பாசனச் சங்கத்தின் இணையதளத்தில் தண்ணீர் முறை தப்பாக வந்ததாம். அதைப் பதிவேற்றும் செம்மொழி தலைமடைக்காரர்களிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு செய்தாளாம். புகார் கொடுத்தவர் சங்கத்தின் துணைத்தலைவர் குணசேகரன், கடைமடைக்காரர்.

செம்மொழியும் கடைமடைப் பெண்தான். அவள் தெருவிலிருந்து முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போனவள். இப்போது வானதிக்கு வரப்பில் வழி காட்டிக்கொண்டிருந்த காத்தான் செம்மொழியின் அப்பா.

"வியாழக்கிழமை எங்க முறைன்னு செல்போன்ல சங்கத்து ஆப்புல போட்டிருக்கும்மா. வாராவாரம் வாய்க்கால்ல போய் நிப்போம். வரத்து குறைச்சல், அடுத்த வாரம் வந்துடும்னு துணைத்தலைவர் சொல்வாரு."

"உங்க பொண்ணு செஞ்சிருக்கும்னு நம்புறீங்களா?"

"ஊரே சொல்லுது. இதைப் பார்த்துட்டு நான் என்னத்தைப் பேசுறது?" காத்தான் கருகிய பயிரைக் காட்டினார். "வீட்டுப்படி ஏறாதேன்னுட்டேன். இப்ப நாகப்பட்டினத்துல சிநேகிதி வீட்டுல தங்கியிருக்கு."

வானதிக்குச் சுருக்கென்றது. பெற்றவரே கைகழுவிய பெண்ணுக்கு இனி யார் பேசப் போகிறார்கள்? வரப்பில் மேலே நடந்தாள். கருகிய வயல்களுக்கு நடுவே ஒன்றில் மட்டும் ஏர் பட்ட அடையாளமே இல்லை. கோரை மண்டி, மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

"இது யாரோடது?"

"துணைத்தலைவரோடதும்மா. பதினஞ்சு மா, அஞ்சு ஏக்கர். உடம்பு முடியல, இந்த வருஷம் நடலன்னாரு."

காலை பத்து மணி. தலைமடை மதகு.

மதகைத் திறந்து மூடச் சங்கம் வைத்திருக்கும் மீரா சாகிப், கொட்டகையில் தொங்கிய தாளைக் காட்டினார். இணையதளத்திலிருந்து அச்செடுத்தது. 'தலைமடை: திங்கள், வியாழன். கடைமடை: வியாழன்.'

"ரெண்டு பேருக்கும் வியாழன் போட்டிருக்கே, சந்தேகம் வரலையா?"

"வந்துச்சுங்க. மேல திறந்தா கீழ சொட்டுத் தண்ணி போகாது. தலைவர்கிட்ட கேட்டேன். சைட்டுல இருக்கிறபடி செய்யுன்னாரு."

"தலைமடை நெல்லுக்கு ரெண்டு முறை வேணுமா?"

"திங்கக்கிழமைத் தண்ணியே தாராளம். வியாழன் பூரா அந்த மீன் குட்டைக்குத்தான் போகுது. வலங்கைமான் ஆள் ஒருத்தர் குத்தகைக்கு எடுத்திருக்காரு."

குட்டை கரை தளும்ப நின்றது. பார்க்கவே வானதிக்கு எரிச்சலாக இருந்தது.

பகல் பதினொன்று. சங்க அலுவலகம்.

தலைவர் தியாகராசன் தன் பட்டன் போனை மேசையில் உருட்டியபடி உட்கார்ந்திருந்தார். இணையதளத்துக்கும் ஆப்புக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. எதிரே குணசேகரன். செம்மொழி சுவரோரம் நின்றாள். அழுது முடித்த முகம்.

"கடைமடைக்கு வியாழனைக் கொடுக்கணும்னு ஆனியில தீர்மானம் போட்டாங்க மேடம். அன்னைக்கே தலைமடை வரியில வியாழனைக் கோடு போட்டு அடிச்சுட்டேன்."

"அழிக்காம ஏன் அடிச்சீங்க?"

"குணசேகரன் சார்தான் பழக்கினாரு. அழிச்சா நாளைக்குக் கேள்வி வரும், குறுக்கக் கோடு போட்டு விடுன்னு."

குணசேகரன் தலையாட்டினார். "கிராமக் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவன் நான். எதையும் அழிக்க மாட்டோம், அடிச்சுத்தான் திருத்துவோம். இந்தப் பொண்ணு பயிர் செத்த பிறகு பயந்துபோய் இப்ப அடிச்சிருக்கு. சீக்கிரம் முடிங்கம்மா, வலங்கைமான்ல மச்சினன் வீட்டு விசேஷத்தைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன்."

வானதி ஆப்பைத் திறந்தாள். தலைமடை வியாழனின் குறுக்கே கோடு இருந்தது. இணையதளத்தில் இல்லை. பதிவின் திருத்த வரலாற்றைப் பார்த்தாள். ஆனியில் செம்மொழி கோடு போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை. பூட்டு உடையவில்லை, ஆள் நுழையவில்லை, கோட்டை மட்டும் காணோம்.

"செம்மொழி, புதுசா ஒரு வரி போடுங்க. ஒரு வார்த்தையைத் தடிமனாக்குங்க, ஒண்ணை அடிங்க."

போட்டாள். இணையதளத்தில் தடித்த எழுத்து தடிமனாகவே வந்தது. அடித்த எழுத்து அடிபடாமல் வந்தது.

வானதி வெளியே போய், இணையதளத்தைச் செய்து கொடுத்த சூர்யபிரகாஷைப் போனில் பிடித்தாள்.

"ஹெட்லெஸ் சி.எம்.எஸ். மேடம். அதுல எழுத்து மட்டும்தான் இருக்கும், தோற்றம் இருக்காது. இது தலைப்பு, இது தடித்தது, இது அடிச்சதுன்னு ஒவ்வொரு துண்டுக்கும் குறிப்பு போட்டு அனுப்பும். அதை எப்படிக் காட்டணும்னு சைட்டு தனியா முடிவு பண்ணும், ஆப்பு தனியா முடிவு பண்ணும்."

"அடிச்சதுன்னு குறிப்பு வந்தா உங்க சைட்டு என்ன பண்ணுது?"

"கோட்டை விட்டுட்டு எழுத்தைக் காட்டும். தீர்மானத்துக்கு மறுநாள் சங்கத்து மெயில்ல கேட்டாங்க. கோடு அசிங்கமா இருக்கு, சைட்டுல எடுத்துடுங்க, ஆப்பைத் தொடாதீங்கன்னு."

"ஏன்னு கேட்கலையா?"

"கிளையன்ட் சொன்னா செய்வோம் மேடம்."

வாய்வரை வந்த வசவை வானதி விழுங்கிக்கொண்டாள். அந்த மெயிலின் பாஸ்வேர்டு அலுவலகத்துக்குள் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். வலங்கைமான் ஸ்டேஷனுக்கு இன்னொரு போன் போட்டுக் குட்டையின் குத்தகை விவரம் கேட்டுவிட்டு உள்ளே வந்தபோது, வாசலில் கடைமடை ஜனம் கூடியிருந்தது. காத்தானும் நின்றார்.

"செம்மொழி செய்யணும்னு நினைச்சிருந்தா, வியாழனை அடிக்காம விட்டிருந்தாலே போதும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "தலைவருக்கு ஆப்புன்னா என்னன்னே தெரியாது, அதைத் தொடாதேன்னு அவர் எழுத மாட்டார். கோட்டை எடுக்கச் சொல்லி மெயில் எழுதினவருக்கு ரெண்டும் தெரியும். மதகுல தொங்குறது சைட்டுத் தாள். நீங்க பார்க்கிறது ஆப்பு. அதுல கோடு சரியா இருந்தா உங்களுக்குச் சந்தேகம் வராது. இந்தப் பொண்ணு அழிக்காம அடிக்கும்னு தெரிஞ்சவர், அப்படிப் பழக்கினவர்."

குணசேகரன் எழுந்தார். "வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. எனக்கும் அங்கதான் நிலம்."

"பார்த்தேன் சார். கடைமடை பூரா தண்ணி வரும்னு நம்பி நட்டிருக்கு. உங்க பதினஞ்சு மாவுல மட்டும் ஏர் படல."

"எனக்கு உடம்பு முடியல."

"உடம்பு முடியாதவர் யாருக்காவது குத்தகைக்கு விட்டிருப்பார். நீங்கதான் தலைமடையில மச்சினன் பேர்ல மீன் குட்டையைக் குத்தகைக்கு எடுத்திருக்கீங்க. தண்ணி வராதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நடாம விட்டார். அது நீங்க."

குணசேகரன் முகம் வெளிறியது. ஆனாலும் விடவில்லை. "கோட்டை எடுக்கச் சொன்னது எந்தச் செக்ஷன்ல குத்தம்?"

"பொய்ப் புகார்ல ஆரம்பிப்போம். ஜீப்புல ஏறுங்க."

அடுத்த குறுவைக்குள் இந்த வழக்கு முடியாது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதுவரை செம்மொழியைத் திட்டிய வாய்களெல்லாம் இப்போது குணசேகரனைத் திட்டின. அவள் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. காத்தான் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"தப்பு பண்ணிட்டேன் தாயி. வீட்டுக்கு வா."

"போலீஸ் சொன்னதும் கூப்பிடுறீங்க" என்றாள் செம்மொழி. "நான் சொன்னேனேப்பா. வாசல்ல நின்னு அழுதுகிட்டே சொன்னேன். அப்ப ஏன் நம்பல?"

காத்தான் அவள் பையைத் தூக்கப் போனார். நாகப்பட்டினம் பஸ் எத்தனை மணிக்கு என்று செம்மொழி வானதியிடம் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.