மூன்று தட்டு

வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்த மதிய வேளையில், அஃப்னானை அவனுடைய அறை நண்பன் ஒரு மளிகைக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். பிளானோ என்ற அமெரிக்க ஊரில், ஒரு சலூனுக்கும் வரிக் கணக்கு எழுதும் ஆபீசுக்கும் நடுவில் இருந்தது கடை. வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகக் கட்டணம் கட்டியாக வேண்டும். தவறினால் பதிவு ரத்து. பதிவு போனால் விசாவும் போகும். வளாகத்துக்கு வெளியே இப்படி வேலை பார்க்கக் கூடாதென்று அவனுக்கும் தெரியும், கடைக்காரர் திருமூர்த்திக்கும் தெரியும். அதனால்தான் பாதிச் சம்பளம்.

"ஒரே ரூல்தான் பா," என்றார் திருமூர்த்தி, பின்புறமிருந்த ஃப்ரீசர் ரூமைக் காட்டி. "கழுத்துல ஐடி கார்டு மாட்டிக்கிட்டு செக்கிங்குக்கு எவனாவது வந்தா, நேரா உள்ள போயிடு. நான் மூணு தட்டு தட்டினாதான் வெளிய வரணும். அதுக்கு முன்னாடி வந்தேன்னு வை, நேரா ஏர்போர்ட்தான்."

"சரி அங்கிள்."

மறுநாளே இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கியது.

உள்ளே உறைந்த மீனின் வாடை. கூரை வரை பரோட்டா அட்டைப்பெட்டிகள். மேலே மின்விசிறி ஓயாமல் இரைந்தது. அஃப்னான் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றான். விரல் நுனிகள் முதலில் வலித்தன. பிறகு வலி நின்றுபோனது. அது நின்றதுதான் அவனை அதிகம் கலக்கியது.

மின்விசிறி நின்றது.

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து பற்கள் கிடுகிடுக்கும் சத்தம்.

அவனுடைய பற்கள் அல்ல.

"ப்ரோ," என்றது ஒரு மெல்லிய குரல். "அங்கிள் தட்டினாரா?"

"இல்ல," என்றான் அஃப்னான், தன்னை அறியாமல்.

"எனக்கும் இன்னும் தட்டல ப்ரோ."

அஃப்னான் கதவின் மேல் விழுந்தான். அது சட்டென்று திறந்துகொண்டது.

திருமூர்த்தி கல்லாவில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தார்.

"அடடே, அவங்க போயி அரை மணி நேரம் ஆச்சே! உன்ன மறந்தே போயிட்டேன் பா!"

"உள்ள... ஒருத்தன்... நீங்க தட்டினீங்களான்னு கேக்குறான்."

திருமூர்த்தியின் சிரிப்பு அடங்கியது. விரலில் ஒட்டிய எண்ணெயை நிதானமாகத் துடைத்தார்.

"இனியன். உன்ன மாதிரி ஸ்டூடன்ட்தான். போன வருஷம் லாங் வீக்கெண்ட், இவன உள்ள அனுப்பிட்டு, மறந்து கடைய மூடிட்டு, நாலு மணி நேரம் தள்ளி இருக்கிற பேர்லேண்ட் கோயிலுக்கு டிரைவ் பண்ணிட்டேன். ரெண்டு நாள். ஆனா கதவு பூட்டவே இல்ல பா! தள்ளினா திறக்கும், நீயே பாத்தல்ல? தட்டலன்னு உக்காந்திருக்கான். அதுக்கு நான் என்ன பண்றது?"

அஃப்னான் கதவைப் பார்த்தான். அந்தப் பையன் காத்திருப்பது மூன்றே தட்டுக்காக. கையை ஓங்கினான்.

ஒன்று.

இரண்டு.

திருமூர்த்தி பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தட்டாத," என்று கிசுகிசுத்தார். "தட்டினா வந்துடுவான். வந்தா என் கடை போச்சு, உன் விசாவும் போச்சு. வெள்ளிக்கிழமை ஃபீஸ் கட்டணும்னு சொன்னல்ல?"

பிடி தளர்ந்த பிறகும் அஃப்னானின் கை சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பின்பு தானாகவே கீழே இறங்கியது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் அங்கிள்?"

ஃப்ரீசர் கதவின் கைப்பிடி மெல்ல அசைந்து, பாதி இறங்கி, மூன்றாவது தட்டுக்காக அப்படியே நின்றது.