ஜிபெக் வீட்டுப் புல்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நகரத்து விடுதிப் பள்ளிக்கான தேர்வு. வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். அதே வியாழக்கிழமைதான் சோல்பொன் வீட்டு ஆட்டு முறையும் வந்து தொலைத்தது.

அந்த ஊரில் மேய்ப்பவர் என்று தனியாக யாரும் இல்லை. நாளுக்கு ஒரு வீடாக முறை வைத்து, எல்லார் ஆட்டையும் சேர்த்து மேய்ப்பார்கள். முன்பு ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் முறை வரும். மலையில் பனி குறைந்தது. ஊற்று வற்றியது, மேய்ச்சல் நிலம் கருகியது. பிழைக்க வழியில்லாமல் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போனார்கள். இப்போது பத்து நாளுக்கு ஒரு முறை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சோல்பொன்னின் பள்ளியில் தினமும் யாராவது ஒருவர் ஆட்டோடு மலையில்தான் இருந்தார்கள்.

சோல்பொன்னின் அப்பாவுக்கு ரஷ்யாவில் கட்டட வேலை. அம்மா, தூரத்து ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வரும்போது வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள்.

புதன்கிழமை சோல்பொன் பக்கத்து வீட்டு சாய்ரா அத்தையிடம் போனாள். "அத்த, நாளைக்கு மட்டும் முறைய மாத்திக்கலாமா?"

"எம் பையன் நேத்துதான் போயிட்டு வந்தான். மலைக்கு அந்தப் பக்கம் போனாத்தானே புல்லு. கால் ரெண்டும் கொப்புளம். அவனும் படிக்கிற புள்ளதானே, கண்ணு."

"போகலன்னா?"

"மறுநாள் உங்க ஆட்ட மந்தையில சேக்கமாட்டாங்க. நானே சேக்கமாட்டேன், ஒளிச்சு என்ன."

சோல்பொன் வீட்டுக்கு வந்து போர்வைக்குள் அழுதாள். அத்தை மேல் கோபப்படவும் முடியவில்லை. அதுதான் கூடுதல் அழுகை.

காலையில் நாற்பது ஆடுகளும் வாசலுக்கு வந்துவிட்டன. பெரிய கிடா கதவை இரண்டு முட்டு முட்டி அழைத்தது.

"வரேன், வரேன். நீயா பரீட்சை எழுதப் போற?"

மந்தையை ஓட்டிக்கொண்டு போகும்போது, ஜிபெக் வீட்டு மதில் ஓரம் கிடா நின்றுவிட்டது. சோல்பொன் எட்டிப் பார்த்தாள். பூட்டிய முற்றம் முழுவதும், மதில் நிழலில், முழங்கால் உயரப் புல். மேய ஒரு வாயும் இல்லாத இடத்தில் புல்லுக்கு என்ன குறை?

ஜிபெக் அவளுடைய உயிர்த்தோழி. "சீக்கிரம் வந்துடுவோம்" என்று வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போயிருந்தாள். சோல்பொன் கைபேசியில் அழைத்தாள்.

"ஜிபெக், உங்க முற்றத்துல ஆட்ட விடட்டுமா? மூணு மணி நேரம்தான். உங்கப்பா குளிர்காலத்துக்கு வெட்டி வைக்கிற புல்லு, வந்ததும் கேப்பாரேன்னு..."

ஜிபெக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தின்னட்டும் விடு. நாங்க வரமாட்டோம், சோல்பொன். அப்பா இங்கயே வீடு பாத்துட்டாரு."

சோல்பொன் பூட்டைத் திறந்து ஆடுகளை உள்ளே விட்டு, மறுபடி பூட்டினாள். பிறகு தேர்வு நடக்கும் ஊர்ப் பள்ளிக்கு ஓடினாள். இருபது மேசை போட்டிருந்த அறையில் மூன்றே பிள்ளைகள். கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினாள்.

சாயங்காலம் ஆற்றில் தண்ணீர் காட்டி மந்தையைத் திருப்பி வந்தபோது, சாய்ரா அத்தை தன் ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"இப்படி வயிறு நெறஞ்சு வந்து எத்தன மாசமாச்சு. எங்கடி மேச்ச?"

சோல்பொன் சொன்னாள். அத்தை தெருவை ஒரு தடவை பார்த்தாள். பூட்டிய கதவுகள் வரிசையாக இருந்தன.

"நல்ல மூளைதான். அப்ப நீ பாஸாயிடுவ. தனியா இருந்து என்ன பண்ணுவா, உங்கம்மாவும் உங்கூடக் கெளம்பிடுவா." அத்தை மெதுவாகச் சொன்னாள், "போறப்ப உங்க வீட்டுச் சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போ, கண்ணு."

சோல்பொன் கையிலிருந்த ஜிபெக் வீட்டுச் சாவியைப் பார்த்தாள். பரீட்சையில் எல்லாக் கணக்கையும் அவள் சரியாகத்தான் போட்டிருந்தாள்.