செந்தொண்டைக் குருவியைப் படமெடுத்தது யார்?

"நாளைக் காலையில ஒன்பது மணிக்குப் பார்க்ல இருக்கற புதர வெட்டப் போறாங்க சார்," என்று சொல்லிவிட்டு, உயிரியல் டீச்சர் ஒரு புகைப்படத்தை மேஜைமேல் வைத்தார்.

ஓய்வுபெற்ற சர்வேயர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள், தையல்காரரான அவருடைய சகலை எட்டிப் பார்த்துவிட்டார். சருகின்மேல் ஒரு சின்னப் பறவை. தொண்டையில் கங்கு வைத்தாற்போல் சிவப்பு.

"செந்தொண்டைக் குருவி. குளிர்காலத்துல மட்டும் வந்து தங்கும். பாட்டுக் கேக்கும், கண்ணுல படாது. மூணு வருஷமா கேமராவோட தவம் கிடக்கேன். நேத்து யாரோ இதை ஸ்கூல்ல எனக்குன்னு குடுத்துட்டுப் போயிருக்காங்க. பார்க் அதிகாரி, 'எங்கயோ எடுத்த படம், இதுக்காக நடைபாதை வேலைய நிறுத்த முடியாது'ங்கறார். எடுத்தவர நீங்கதான் கண்டுபிடிக்கணும் சார்."

படத்தின் பின்புறம் ஒரே வரி: 'மேட்டுப் பக்கம் தினம் வருது. வெட்ட விடாதீங்க.'

"யாரோ பெரிய கேமராக்காரர்!" என்றார் சகலை.

"தரையப் பாருங்க சகலை. விசிறி மாதிரி கீறல். விளக்குமாத்துத் தடம். அதுமேல ஒரு செருப்புத் தடம்கூட இல்ல. அப்போ நடக்கறவங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி எடுத்தது. டீச்சர், அந்தப் பார்க்ல மேடு எங்க இருக்கு?"

"மேடா? எல்லாம் சமதரைதானே சார்!"

"நமக்குச் சமதரை. புதருக்குப் பின்னாடி சருகக் கொட்டறவங்களுக்கு அந்தக் குவியல்தான் மேடு."

"அப்போ வாட்ச்மேன்!"

"கேட்டத் திறக்கற வரைக்கும் அவர் வாசல விட்டு நகர மாட்டார். ஆளக் கண்டா ஒளியற குருவி ஏன் நிக்குது? பழகின ஆள். சருகக் கிளறினா பூச்சி கிடைக்கும்னு விளக்குமாத்துப் பின்னாடியே வருது."

மாலையில், பூங்காவைக் கூட்டும் அம்மாள் முதலில் தலையாட்டி மறுத்தார். பிறகு குரல் இறங்கியது. "வேலை நேரத்துல போன எடுத்தா நிறுத்திடுவாங்க ஐயா. அதான் பேர் போடல. முதல் வருஷம் பத்தடி தள்ளியே நிக்கும். நான் பாக்காத மாதிரியே கூட்டுவேன். இப்ப காலடிக்கே வருது. டீச்சரம்மா தினம் வெறுங்கையோட போறதப் பாக்க மனசு கேக்கல."

டீச்சரின் மூன்று வருடப் பொறுமை சட்டென்று சின்னதாகிவிட்டது.

"படத்த எடுத்தது யாருன்னு சொல்லவே வேணாம்," என்றார் சர்வேயர். "குருவியே வந்து சாட்சி சொல்லட்டும்."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, டீச்சரின் வற்புறுத்தலில், கொட்டாவி விட்டபடி அதிகாரியும் வந்து நின்றார். அம்மாள் கூட்ட ஆரம்பித்தார். சரக், சரக். புதர் அசைந்தது. செந்தொண்டை தத்தித் தத்தி வெளியே வந்து, நிமிர்ந்து, மெல்லப் பாடியது. அதிகாரியின் வாய் திறந்தபடியே இருந்தது. சத்தமில்லாமல் பின்வாங்கிப் போய் போனில் கிசுகிசுத்தார்: "ஆளுங்கள அனுப்பாதீங்க. பாதைய வேற பக்கம் போட்டுக்கலாம்."

நின்றபடியே எடுத்த படத்தை டீச்சர் அம்மாளிடம் காட்டினார்.

அம்மாள் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. தரையோட தரையா படுத்து எடுத்தாத்தான் டீச்சர் அதோட கண்ணு தெரியும்."

டீச்சர் மறுபேச்சில்லாமல், கஞ்சி போட்ட புடவையோடு சருகின்மேல் குப்புறப் படுத்தார்.